நாலு கம்பி பிளக்

ஜூன் 4, திங்கள்

தங்கச்சிக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு. கம்ப்யூட்டரைக் கூடத்துத் தரையில் பிரித்துப் போட்டிருக்கிறாள். புது மெமரி, புது டிஸ்க், கிராபிக்ஸ் கார்டு, எல்லாம் தானே பார்த்து வாங்கினாளாம். பதினொரு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் கிடக்கிற அண்ணன் ஒருத்தன் வீட்டில்தான் இருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டாளா?

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு கட்டட வரைபடம் அனுப்பினால் வெளியூரில் வேலையாம். பழைய மிஷின் அதைத் தாங்காதாம்.

ஜூன் 5

எல்லாம் மாட்டி ஸ்விட்சைப் போட்டாள், முதல் தடவையே கம்ப்யூட்டர் ஓடிவிட்டது. "உன்னைவிட இவளுக்குக் கைவேலை சுத்தம்டா" என்று அம்மா சிரித்தாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவள் குளிக்கப் போனதும் மூடியைத் திறந்து, ப்ராசசருக்குக் கரண்ட் போகிற நாலு கம்பி பிளக்கை உருவிவிட்டேன். ஃபேன் சுத்தும், திரை வராது. "அண்ணா, கொஞ்சம் பாரேன்"னு வரட்டும். ஒரே நிமிஷத்தில் சரிபண்ணிக் கொடுத்துடலாம்.

ஜூன் 6

வரவில்லை. திமிர்.

ஜூன் 7

லீவு போட்டு வீட்டிலேயே இருந்தேன். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ப்ராசசர் மேல் இருக்கிற ஃபேனில் கை வைத்தாள். அடியில் பசை இறுகியிருக்கும். லேசாகத் திருகித்தான் எடுக்கணும். நேரே இழுத்தால் ப்ராசசரும் பிய்த்துக்கொண்டு வரும். கடையில் சேர்ந்த புதுசில் இதற்காகவே ஓனரிடம் அறை வாங்கியிருக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். அவதான் கேட்கலையே — நான் ஏன் சொல்லணும்?

பிய்ந்து வந்தது. ப்ராசசர் அடியில் இருக்கிற பின்களெல்லாம் கோணல். ஊசியால் நிமிர்த்தப் பார்த்தாள், இரண்டு ஒடிந்தே போச்சு. இனி அந்த ப்ராசசர் குப்பைதான்.

அப்புறம்தான் பிளக்கைப் பார்த்தாள். "ஐயோ, இதுதானா... நான்தான் சரியா அழுத்தல போல"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. நான் பக்கத்துலயே நின்னேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல? பயமா இருந்துச்சு.

ஜூன் 8

"உன் கடையில உட்கார்ந்து வரையட்டுமேடா" என்றாள் அம்மா. ஓனர் விடமாட்டார் என்றேன். ஓனரிடம் நான் கேட்கவே இல்லை. வரைபடம் போகவில்லை, வேலையும் போச்சு.

ஜூன் 30

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், குளியலறை வாசலில் புது பல்பைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பழையது காலையிலேயே போய்விட்டதாம். நாள் முழுக்க எனக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

"நீயே மாட்டிடுண்ணா. நான் தொட்டா எதுவும் விளங்காது."

பல்பை வாங்கிக்கொண்டேன்.