கயலுக்கு, எந்த இன்ஜின் வைத்தேன் என்று சொல்ல

என் தங்கமே கயல்,

விழுப்புரத்தில் இன்றைக்கு விடாத மழை. பட்டறைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று மனசிலேயே கிடக்கிறது, அதை இப்போதாவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். காருக்கு இன்ஜின் வைத்தாகிவிட்டது, பாப்பா.

நீ திண்டிவனத்துத் தொழிற்சாலையில் இன்ஜினியராகச் சேர்ந்த புதிதில், போனில் ஒரு படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். அறுபதுகளில் இங்கிலாந்தில் ஓடிய, கூரை இல்லாத, இரண்டே பேர் உட்காரும் குட்டி ஸ்போர்ட்ஸ் கார். "இத மாதிரியே ஒண்ணு செய்யலாம்பா. ஆனா இதவிட லேசா." நான் சிரித்தேன். நீ போய் ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்துவிட்டு வந்தாய்.

ஞாயிற்றுக்கிழமையானால் நான் திண்டிவனத்துக்கு பஸ் ஏறிவிடுவேன். காரின் அடிச்சட்டத்துக்கான குழாய்களை எல்லாம் நீதான் வெல்டிங் வைத்தாய். பாடியை ஃபைபரில் நாம் இருவருமாக வார்த்தோம். இரும்பு கண்ட இடத்தில் எல்லாம் ஓட்டை போட்டு, "எடை கொறையணும்பா, எடை கொறையணும்" என்று அலைந்தாய். இன்ஜினில் மட்டும்தான் நமக்கு ஒத்துவரவே இல்லை.

உனக்கு பைக் இன்ஜின் வேண்டும். இரண்டு பேர் தூக்கினால் வந்துவிடும், முறுக்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும். எனக்குப் பழைய வேன் இன்ஜின். கனம்தான், ஆனால் நாலு பேரை இழுக்கவென்றே செய்தது.

"வேன் இன்ஜின வச்சா அது வேன்தாம்பா!"

"உன் இன்ஜின்ல ரிவர்ஸ் கியரே இல்ல. ஷெட்டுலேர்ந்து எப்படி வெளிய எடுப்ப?"

"எறங்கித் தள்ளிக்கினா போச்சு. நீ எதுக்கு இருக்க?"

அந்தச் சண்டை முடிவதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் நோய் என்றார்கள். அங்கேயாவது விட்டாயா? கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு இன்ஜினைப் பற்றியே பேசினாய். ஒருநாள் நர்ஸ் எடை பார்த்துவிட்டுப் போனதும் என்னைப் பார்த்துச் சிரித்தாய். "பாத்தியாப்பா, டிரைவர் வெயிட்டும் கொறஞ்சிடுச்சு." டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போனேன். நான் டீ குடிக்கப் போகவில்லை என்று உனக்குத் தெரிந்துதான் இருக்கும், இல்லையா?

நீ போன பிறகு அந்த ஷெட்டுப் பக்கமே நான் போகவில்லை. "அத யாருக்கனா குடுத்துடுங்க, அந்தப் பேச்சே வேணாம்" என்றாள் உன் அம்மா. கொடுக்கவும் மனசு வரவில்லை, முடிக்கவும் தைரியம் இல்லை. என் இன்ஜினை வைத்தால், பதில் சொல்ல நீ இல்லாத நேரம் பார்த்து உன்னை ஜெயித்ததாக ஆகிவிடும். உன் இன்ஜினை வைத்தால், நீ இன்னும் இருப்பதாக நானே என்னை ஏமாற்றிக்கொள்வது போல.

அப்போதுதான் உன் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. அது என்னிடம்தான் இருக்கிறது. சென்னையில் பழைய இன்ஜின் விற்கிறவர் பேசினார்.

"கயல் மேடம்ங்களா? நீங்க சொல்லி வச்ச பைக் இன்ஜின் வந்திருக்குங்க."

"அவங்க இல்லீங்க" என்றேன்.

"வெளிய போயிருக்காங்களா சார்?"

"ஆமாங்க. நான் அவங்க அப்பா. நானே வந்து எடுத்துக்கறேன்."

வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் நான்?

உன்னோடு வேலை பார்த்த மேரி லீவு போட்டுவிட்டு வந்தாள். சங்கிலி, பற்சக்கரம் எல்லாம் அவள்தான் பொருத்தினாள். பொது ரோட்டில் ஓட்ட முடியாத வண்டி என்பதால், திண்டிவனத்துக்கு வெளியே வேலை நின்றுபோன தன் கல்குவாரியில் ஓட்டிக்கொள்ளச் சொன்னார் என் சிநேகிதர் ஒருவர். முதலில் நான் மட்டும் ஏறி ஓட்டினேன். வளைவில் அது திரும்பிய விதத்தை எப்படிச் சொல்வேன்! வண்டியின் மூக்கில் கனமே இல்லை. இத்தனை வருடத்தில் எந்த வண்டியும் என் கையில் அப்படித் திரும்பியதில்லை. "நீ சொன்னது கரெக்டுதாண்டி" என்று வாய்விட்டே சொன்னேன்.

"ரெண்டு பேர் வெயிட்டு போட்டு மேட்டுல ஏத்திப் பாக்கணும் சார்" என்றாள் மேரி. இன்னொரு ஆளுக்குப் பதிலாக மண் நிரப்ப ஒரு சாக்கை விரித்தவள் யோசிக்காமல் கேட்டுவிட்டாள்: "கயல் எவ்ளோ சார் இருப்பா?" கேட்டதும் உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்துகொண்டாள்.

எந்த எடையைச் சொல்வேன் கயல்? வெல்டிங் வைக்கத் தொடங்கியபோது இருந்ததையா, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்ததையா? அவள் மண்ணை அள்ளிப் போடப் போட, "இன்னும் போடும்மா, இன்னும் போடு" என்றேன். நீ நன்றாக இருந்தபோது இருந்த எடை வரும்வரை போடச் சொன்னேன். அந்த மூட்டையைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டும் மாட்டினேன்.

லாரிகள் ஏறிய அந்த மேட்டில் பாதி தூரம் போனோம். இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் கருகிப் புகை வந்தது. பைக்கை இழுக்கிற கிளட்சுக்கு ஒரு காரையும் இரண்டு பேரையும் மேட்டில் இழுக்க முடியவில்லை. கிளட்சை மாற்றி, இன்னும் அழுத்தமான ஸ்பிரிங் போட்டு, இன்னொரு தடவையும் ஏற்றிப் பார்த்தோம். அதே இடத்தில் அதே நாற்றம். நான் சொன்னதுதான் நடந்தது. நான் ஜெயித்துவிட்டேன். ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்து அழுதேன். ஏறிடு, ஏறிடு என்றுதான் மேட்டின் அடியிலிருந்தே வண்டியைக் கெஞ்சிக்கொண்டு வந்தேன், கண்ணு. நீ ஜெயிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது.

வீட்டுக்கு வந்த என் மேலே கருகிய வாசனை. "இன்னா ஆச்சு?" என்றாள் அம்மா.

"பாப்பா சொன்ன இன்ஜின் ஏறல."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். "அப்ப உங்க இன்ஜின வையுங்க. அவளா இருந்தாலும் அதத்தான் செய்வா. சரிப்படலன்னா கழட்டிட்டு அடுத்தத மாட்டுவா. உங்கள மாதிரி அழுதுக்கினு நிக்க மாட்டா."

அவள் சொன்ன பிறகுதான் கையில் ஸ்பேனரை எடுத்தேன். வேன் இன்ஜினை முன்னால் வைக்கவில்லை. சட்டத்தை வெட்டி, சீட்டுக்கு எவ்வளவு கிட்டே தள்ள முடியுமோ அவ்வளவு பின்னால் தள்ளி வைத்தேன். மூக்கு லேசாக இருக்க வேண்டும் அல்லவா? பைக் இன்ஜின் அளவுக்கு வளைவில் துள்ளவில்லை. ஆனால் நீ குறை சொல்ல மாட்டாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது, "இருங்க, நானும் வர்றேன்" என்று அம்மா செருப்பை மாட்டினாள். குவாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மேடு ஏறினோம், இறங்கினோம். "இன்னும் வேகமாப் போங்க" என்றாள். போனேன். அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூடச் சத்தமாக அழாதவள், இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தி அழுதாள். பதறிப்போய் பிரேக்கில் கால் வைத்தேன்.

"நிறுத்தாதீங்க. ஓட்டிக்கினே இருங்க."

சுற்றிச் சுற்றி ஓட்டினேன். அவளாகவே அடங்கி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, "வூட்டுக்குப் போலாம்" என்று சொல்கிற வரைக்கும் ஓட்டினேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கயல். இந்த வண்டியைத் துணி போட்டு மூடி, மாலை போட்டு வைக்க மாட்டேன். அம்மா எப்போது கேட்டாலும் அழைத்துக்கொண்டு போவேன். அவள் போதும் என்கிறவரை நிறுத்த மாட்டேன்.

உன்னோடு சண்டை போட ஆளில்லாமல் நிற்கும்
உன் அப்பா