முப்பது டப்பாக்கள்

1999 அக்டோபர் 9
பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம். பக்கம் திறப்பதற்குள் பாதி போய்விட்டது. ஆனால் படம் முழுசாக வந்தது — கடல்பசு! குட்டியோடு! கத்திவிட்டேன் போல. சென்டர்காரர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி, "கடலயே பாத்ததில்ல, கடல்பசுவுக்கு இந்தத் துள்ளு துள்ளுதியே பாப்பா" என்றார். உண்மைதான். மேலப்பாளையத்திலிருந்து கடல் இரண்டு பஸ் தூரம். பார்க்காவிட்டால் என்ன?

நான் சேர்ந்திருக்கிற கடல்பசு மெயில் குழுவில் வந்த இங்கிலீஷ் மெயிலை அகராதி வைத்து மூன்று தடவை படித்தேன். கடல்புல் செத்தால் கடல்பசு பட்டினி. அந்தப் புல்லைக் கெடுப்பது ஆற்றோடு வரும் அழுக்கு. கடலைக் காப்பாற்ற ஆற்றங்கரை ஊர்களில் இருந்தே தொடங்க வேண்டுமாம்.

வாப்பாவின் சாயப்பட்டறை ஞாபகம் வந்தது.

அக்டோபர் 11
சாப்பிடும்போது கேட்டுவிட்டேன். "வாப்பா, நம்ம சாயத்தண்ணி கடலுக்குப் போகுமா?"

"நம்ம ஓடைத் தண்ணி வயக்காட்டோட சரி. கடலு எங்கன கெடக்கு, நாம எங்கன கெடக்கோம்?"

"போச்சுன்னா?"

"போச்சுன்னா பட்டறைய மூடிட்டு ஒன் கடல்மாட்டை மேய்க்கப் போறேன்."

உம்மாவும் சிரித்தார். நான் பாதியில் எழுந்துவிட்டேன்.

அக்டோபர் 16
தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கச் சீட்டு எழுதி மிதக்க விடுவார்களாம். மெயிலில் படித்தது. போட்டோ ஸ்டுடியோவில் தூக்கிப் போடும் ஃபிலிம் டப்பா முப்பது கேட்டு வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: கண்டெடுத்தவர் இந்த எண்ணுக்குச் சொல்லவும். பட்டறை எண்தான். போனை எடுப்பது நான்தானே.

சிவப்புத் தண்ணீர் ஓடையில் விழும் இடத்திலேயே போட்டேன். போங்க! போங்க!

அக்டோபர் 30
போன் இல்லை.

நவம்பர் 7
ஓடையோரம் நடந்து போய்ப் பார்த்தேன். பாதி டப்பா ஆகாயத்தாமரையில் சிக்கி நிற்கிறது. சுற்றிலும் சிவப்புச் சேறு. அப்போ வாப்பா சொன்னதுதான் சரியா? சந்தோஷப்பட வேண்டியதுதானே. ஏன் அழுகையா வருது?

நவம்பர் 19
நாலு நாளாக மழை. ஓடையில் ஆகாயத்தாமரை இல்லை, டப்பா இல்லை, வருஷம் முழுக்கக் கிடந்த சேறும் இல்லை. ஒரே அடியாகப் போய்விட்டது. ஆற்றில் கடலுக்கு முந்தின கடைசித் தடுப்பான ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டித் தண்ணீர் விழுதாம்.

நவம்பர் 23
நான் இல்லாத நேரம் பார்த்துப் போன். வாப்பா எடுத்துவிட்டார். ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் இருந்து மச்சாது என்று ஒரு மீன்காரர். அவர் போட்ட சத்தம், நான் உள்ளே நுழையும்போதே வாசல் வரை கேட்டது.

"யாருவே நீரு? சேறும் செடியுமா வலையே நாசமாக் கெடக்கு, இதுல ஒம்ம டப்பா வேற! நம்பரு எழுதி அனுப்புதீராக்கும்?"

"கோவப்படாதீங்க அண்ணாச்சி. எந்த ஊருன்னு சொன்னீய?"

ஊர்ப் பெயரை வாப்பா இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

முப்பது பிளாஸ்டிக் டப்பா. கடல்பசு இருக்கிற கடலில். நானே போட்டது. எப்படித் தோணாமப் போச்சு எனக்கு? குழுவில் எந்த முகத்தோடு சொல்ல?

நவம்பர் 26, வெள்ளி
ஜும்மா முடிந்தும் வாப்பா வரவில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குத்தான் வந்தார். கைலியெல்லாம் சேறு. பையில் ஒன்பது டப்பா. புன்னைக்காயலுக்குப் போயிருக்கிறார். எனக்கு முன்னால் கடலைப் பார்த்துவிட்டார்.

"எப்படி இருந்துச்சு வாப்பா?"

"அந்த மனுசன் வள்ளத்துல ஏத்திக் காட்டுனாரு. ரொம்பத் தூரத்துக்குக் கடலே தெரியல. ஒரே கலங்கல்." கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "முப்பது வருசமாச் சாயம் போடுதேன். அதுல நம்ம செவப்பு எதுன்னு எனக்கே தெரியல மவளே."

டிசம்பர் 4
ஓடைக்குப் போகும் குழாயில் வாப்பா சாக்கை அடைத்துவிட்டார். தொட்டி விளிம்பு வரை கழிவுத்தண்ணீர். நூல் முக்க இடமில்லை. இரண்டு நாளாகப் பட்டறை ஓடவில்லை. உம்மா யாரோடும் பேசுவதில்லை.

"சபீதா, ஒன் கம்ப்யூட்டர்ல கேளு. இத எங்கன ஊத்தன்னு."

குழுவுக்கு எழுதினேன். டப்பா விஷயத்தையும் மறைக்காமல். சென்டரில் ஒரு மணி நேரம் காத்திருந்தும் பதில் வரவில்லை.

வரும் வழியில் ஓடைக்குள் இறங்கித் தேடினேன். கரையோர முள்ளுக்குள் ஒன்று கிடைத்தது. இன்னும் இருபது.