கொடிக்கு அந்தப் பக்கம்

மார்ச் 10, திங்கள்

நோன்பு மாதம் என்பதால் ஃபேக்டரி மூன்று மணிக்கே முடிந்தது. வியாழக்கிழமை கஜகஸ்தானில் இருக்கும் அல்மாட்டிக்குக் கிளம்ப வேண்டும், இன்னும் பெட்டியை எடுக்கவே இல்லை. ஷார்ஜா தொழில்பேட்டையில் ஏசிக்கான தகரக் காற்றுக்குழாய் செய்யும் இந்தக் கம்பெனியில் எட்டு வருடமாக சேஃப்டி ஆபீசர். ஒரு வருடம் முழுக்க விபத்தே இல்லை என்று இப்போதுதான் முதல் தடவையாக ஒரு பரிசு. நான், சேல்ஸ் மேனேஜர் பாலா, சிறந்த தொழிலாளி என்று தேர்வான அழகுமலை. எம்.டி. முரளிதரன் சார் கூட்டிப் போகிறார். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பது அவருடைய பலநாள் ஆசையாம்.

அழகுமலை என் ரூமுக்கு வந்து, குளிருக்கு என்ன வாங்கணும் என்று கேட்டார். மானாமதுரைப் பக்கத்துக்காரர். தகடு மடக்கும் மெஷினில் பதினோரு வருடம், பத்து விரலும் பத்திரம். வாங்க வேண்டாம், என் வீட்டுக்காரர் அக்ஷயின் பழைய ஜாக்கெட் இருக்கிறது என்றேன்.

மார்ச் 14, வெள்ளி. அல்மாட்டி

தெருவோரமெல்லாம் பனி உருகி ஓடுகிறது. நாளை ஏரி.

மார்ச் 15, சனி

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிவிட வேண்டும்.

காலை எட்டு மணிக்கு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வழிகாட்டி யெர்லான், அறுபது வயதிருக்கும், இரும்புக் கம்பியால் அடிக்கு அடி தட்டிப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தார். வெள்ளையாக இருந்தால் நிற்கலாம், கறுத்திருந்தால் கால் வைக்கக் கூடாது. வசந்தம் தொடங்கிவிட்டது, பதினொரு மணிக்கு மேல் வெயிலில் பனிக்கட்டி உள்ளுக்குள்ளேயே இற்றுவிடும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னார். வரிசையாகச் சிவப்புக் கொடி நட்டார். அதற்கு அந்தப் பக்கம் யாரும் போகக் கூடாது.

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் துளைகள். முதல் மீனைப் பிடித்தது அழகுமலைதான். தூண்டில் கம்பை ஓரமாக வைத்துவிட்டு, நரம்பை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பில் பட்டை பட்டையாக ஒரு சின்ன மீன். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பதினொரு மணிக்குள் ஆறு மீன். பாலாவுக்கு இரண்டு. சாருக்கு ஒன்றுமில்லை.

பதினொன்றுக்கு யெர்லான் எல்லோரையும் கரையேறச் சொல்லிவிட்டு, தேநீர் எடுக்க வேனுக்குப் போனார். சார் ஏறவில்லை. கொடிக்கு அந்தப் பக்கம் காலையில் யாரோ போட்ட துளைகள் தெரிந்தன. அழகுமலையைக் கூப்பிட்டார்.

"நீ கண்மாய்ல வளந்தவன்தானே? தாங்குதான்னு போய்ப் பாத்துட்டு வா. தாங்குச்சுன்னா நாங்க வர்றோம்."

அழகுமலை போனார். இருபது அடிகூட இருக்காது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. நின்ற இடத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். பிறகு தலை தெரிந்தது. பிடித்த விளிம்பெல்லாம் அவர் கையோடு உடைந்து உடைந்து போனது. யெர்லான் ஓடிவந்து குப்புறப் படுத்து, பலகையைத் தள்ளி, கயிறு வீசி இழுத்தார். இரண்டு பாளங்களுக்கு நடுவில் வலது கால் மாட்டிக்கொண்டது. முட்டி திரும்பிய விதத்தை என்னால் எழுத முடியாது.

வேனில் சார் பேசிய முதல் வார்த்தை பாலாவிடம்: "வீடியோ எதுவும் எடுத்தியா? எடுத்திருந்தா அழிச்சிடு."

பக்கத்தில் அந்த மனுஷன் பல்லு கிடுகிடுக்கப் படுத்திருக்கார். மனுஷன்தானா இவன்?

மார்ச் 17, திங்கள்

நேற்று ஷார்ஜா வந்தோம். முட்டியில் தசைநார் முழுக்க அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்யாவிட்டால் நின்று வேலை பார்க்க முடியாது என்று இங்கே டாக்டரும் சொல்லிவிட்டார். அழகுமலை தொழிலாளர் கேம்ப்பில் கீழ்க்கட்டிலில் படுத்திருக்கிறார்.

பத்து மணிக்கு எச்.ஆர். ராஜிக் என் மேசையில் ஒரு தாளை வைத்தார். விபத்து அறிக்கை. ஏற்கெனவே டைப் அடித்தது. 'எச்சரிக்கையை மீறித் தன்னிச்சையாகக் கொடியைத் தாண்டிச் சென்றார்.' கீழே பாலாவின் கையெழுத்து. பக்கத்தில் எனக்கு இடம்.

தன்னிச்சையாகவா, சார்தானே அனுப்பினார் என்று கேட்டேன். ராஜிக் மட்டக்களப்புக்காரர், நல்லவர்தான், நோன்பில் வாடியிருந்தார். இன்சூரன்ஸ்காரர்கள் சேஃப்டி ஆபீசர் கையெழுத்து இல்லாமல் ஏற்க மாட்டார்கள் என்றார். கம்பெனி அனுப்பித்தான் போனார் என்று ஆகிவிட்டால் ஆபரேஷன், ஓய்வு எல்லாம் கம்பெனி தலையில் விழும். தானாகப் போனார் என்றால் விசாவை கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பிவிடலாம்.

"மேடம், நான் தபால்காரன் மாதிரி. கொண்டு வந்து தந்திட்டன். நீங்க யோசிச்சுச் செய்யுங்கோ."

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

சார் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் மகள் நீலாவின் படிப்பைப் பற்றி விசாரித்தார். அப்புறம், "இளவேனில், நாம ஒரு குடும்பம் மாதிரி. அவன் நல்லதுக்குத்தான் சொல்றேன், ஊர்ல போய் ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

குடும்பத்தில் ஒருத்தரை இப்படித்தான் தண்ணிக்குள்ள அனுப்புவாங்களா? இதை அங்கே கேட்கவில்லை. இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன பிரயோஜனம்?

மார்ச் 19, புதன்

நீலாவின் டிஃபன் பாக்ஸ் மூடி காணோம் என்று அவளிடம் கத்திவிட்டேன். "யூ ஆர் ஆல்வேஸ் ஆங்ரி நௌ, அம்மா" என்றாள். மூடி என் கைப்பையில் இருந்தது.

மார்ச் 22, சனி

அக்ஷய் சொல்வது: உண்மைதான், தப்புதான், ஆனால் நீ ஒருத்தி எழுதி என்ன மாறப்போகிறது? கையெழுத்தும் போடாதே, எதிராகவும் எழுதாதே, லீவு போடு. அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வருகிறது.

மார்ச் 25, செவ்வாய்

அழகுமலையே கையெழுத்துப் போட்டுவிட்டார்!

ராஜிக் காட்டினார். 'என் தவறுதான்' என்று அவர் கையாலேயே தமிழில் எழுதிய தாள். ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று சார் வாய்வார்த்தையாகச் சொன்னாராம். அதை நம்பி! நான் இங்கே ஒரு வாரமாக எல்லோரிடமும் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், இந்த ஆள் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாராம்.

நாளைக்குக் கேம்ப்புக்குப் போய் நாலு கேள்வி கேட்காமல் விடப்போவதில்லை.

மார்ச் 26, புதன்

போனேன். எட்டுப் பேர் ரூம். மற்றவர்கள் டூட்டியில். கால் தலையணை மேல் வீங்கிக் கிடந்தது.

கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். உங்களுக்காகத்தானே நான் போராடுகிறேன், ஏன் போட்டீர்கள், யாரைக் கேட்டுப் போட்டீர்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"போறதுக்கு முன்னாடி உங்களத்தான் பாத்தேன் மேடம். நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா போயிருக்க மாட்டேன்."

குரலில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. வெயிலடிக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

ஒன்றுவிடாமல் எழுதுகிறேன் என்று பதினைந்தாம் தேதி எழுதினேனே. விட்டுவிட்டேன். சார் சொன்னதும் அழகுமலை உடனே போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். மெஷினின் பாதுகாப்பு மூடி சரியாக மாட்டவில்லை என்றால் ஃபேக்டரியில் என்னைப் பார்ப்பாரே, அதே பார்வை. அங்கே ஒரு நொடியில் ஸ்டாப் என்பேன். ஏரியில் நான் கையுறையைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன். சுற்றுலா வந்த இடத்தில் எதற்கு சாரிடம் மல்லுக்கட்டு என்று நினைத்தேன். ஆமாம், நினைத்தேன். கறுப்பாக இருந்ததையும் பார்த்தேன்.

பத்து நாளா யார் மேல இந்தக் கோபம்? எல்லார் மேலயும் எறிஞ்சேனே. என் மேல ஒரு வரி எழுதினேனா?

மார்ச் 27, வியாழன்

என் அறிக்கையை நானே டைப் செய்தேன். யெர்லான் சொன்னது, கொடி, சார் சொன்ன வார்த்தைகள் அப்படியே. கடைசிப் பத்தி: 'பாதுகாப்பு அதிகாரியான நான் பக்கத்தில் இருந்தேன். பனிக்கட்டி கறுத்திருந்ததைக் கண்டேன். காயமடைந்தவர் அனுமதிக்காக என்னைப் பார்த்தார். நான் தடுக்கவில்லை.'

அக்ஷய் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு, "கடைசிப் பத்திய எடுத்துடேன். அது இருந்தா உனக்கு வேற எங்கயும் வேலை கிடைக்காது" என்றார். அது இல்லாமல் மற்றதை யார் நம்புவார்கள் என்று கேட்டேன்.

மதியம் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு நேரில் போய்க் கொடுத்தேன். ஒரு பிரதி சார் மேசையில்.

ஏப்ரல் 3, வியாழன்

பெருநாள் லீவு முடிந்து முதல் நாள். என் கம்ப்யூட்டர் திறக்கவில்லை. ராஜிக் கடிதத்தோடு வந்தார். என்னைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. பாலா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனில் பேசுவது போல நின்றுகொண்டிருந்தான். எட்டு வருடம், ஒரு அட்டைப்பெட்டி. வெளியே வந்தபோது என்ன வெயில்.

அழவில்லை. பற்களைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

ராஜிக் தன் சொந்த போனிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறார். இன்சூரன்ஸ்காரர்கள் யெர்லானிடமும் பேசிவிட்டார்களாம். அழகுமலைக்கு இன்று காலை இங்கேயே ஆபரேஷன் முடிந்தது. விசா கேன்சல் ஆகவில்லை. ஆபீசில் யாரும் என் பெயரைச் சொல்லக் கூடாது என்று சார் உத்தரவாம்.

மே 8, வியாழன்

மூன்றாவது இன்டர்வியூ. "நீங்களே உங்க மேல எழுதிக்கிட்டீங்களாமே?" என்று கேட்டுச் சிரித்தான் எதிரே இருந்தவன். எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள். அல் ஐன்

புது வேலை, கட்டட சைட்டில் முதல் நாள். முன்பு எனக்குக் கீழே இருந்தவர்கள் செய்த வேலை. விடியற்காலை நாலரைக்கே ஷார்ஜாவிலிருந்து கிளம்ப வேண்டும். முப்பது பேரை நிற்கவைத்து ஹிந்தியிலும் தமிழிலும் பேசினேன். ஏரிக் கதையைச் சொன்னேன், நான் குனிந்துகொண்டதையும் சேர்த்து. யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் அருள்முருகன் என்று ஒருவர், சாரம் கட்டுபவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஃபோர்மேன் ஏறச் சொல்லி, எங்களுக்குப் பயமா இருந்தா, உங்க கிட்ட வரலாமா மேடம்?"

வரலாம் என்றேன்.

பதினொரு மணிக்கு வந்தார்.