செருப்பைக் கழற்றச் சொன்னேன்

14 மே 1988, சனி. ராஜபாளையம்.

தூக்கம் வரவில்லை. விசில் இன்னும் கழுத்தில்தான் கிடக்கிறது.

இன்று மாலை பள்ளிப் பையன்களின் கூடைப்பந்து இறுதி ஆட்டத்துக்கு நான்தான் நடுவர். கோப்பை கொடுப்பவர் எங்கள் மில் முதலாளி. அவருடைய மகன் மம்சாபுரத்துப் பையனை முழங்கையால் இடித்துத் தள்ளினான். விழுந்தவன் மேல் எச்சிலும் துப்பினான். விசில் அடித்து அவனை வெளியே அனுப்பினேன்.

முதலாளி நாற்காலியை விட்டு எழுந்து, செருப்புக் காலோடு கோர்ட்டுக்குள் வந்தார்.

"ஏலே, அவன் யாரு மகன்னு தெரியும்ல?"

"தெரியும் முதலாளி. கோர்ட்டுக்குள்ள செருப்போட வரக் கூடாது. கழத்திட்டு வாங்க, பேசுவோம்."

என்னையே முறைத்தவர், கோட்டுக்கு வெளியே போய்க் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார்.

"மன்னிப்புக் கேட்டா உள்ள விடுவியா?"

"கேக்கட்டும். ஆனா விட மாட்டேன்."

மம்சாபுரம் ஜெயித்தது. கோப்பையை வேறு யாரோ கொடுத்தார்கள்.

வீட்டில் இவள், "ஒங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? திங்கக்கெழம அவிய மொகத்துலதான முழிக்கணும்" என்கிறாள்.

முழிக்கிறேன். எப்போதும்போல் அவர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவேன். துப்பினான், அனுப்பினேன் என்று அங்கேயும் சொல்வேன்.