உன் அறிக்கையை நான்தான் டைப் அடித்தேன்

இன்று காலை, டவுனில் காப்பிக்கடை வைத்திருக்கும் ஒருவர் என் பழைய டைப்ரைட்டரைக் கேட்டு வந்தார். சுற்றுப்பயணிகள் பார்க்கக் கடையில் வைக்கப்போகிறாராம். ஆபீஸில் கழித்துப்போட்டபோது நான் எடுத்துவந்த மிஷின் அது. மூடியைத் திறந்ததும் எண்ணெயும் ரிப்பன் மையும் கலந்த வாசனை வந்தது. நான் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை. "குடுக்க மனசு இல்லையா ஆன்ட்டி?" என்றார். எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவர் போனதும் உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

நாம் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நீ சிங்கப்பூருக்கு மருத்துவம் படிக்கப் போனாய். நான் காஜா பெராங்கில் அப்பா வீட்டிலிருந்தபடியே சுகாதார ஆபீஸ் ஒன்றில் டைப்பிஸ்ட் ஆனேன். மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்கு முந்தைய வருடம் நீ ஆராய்ச்சிக்காக ஊருக்குத் திரும்பினாய். பிறந்து ஒரு வாரம், பத்து நாளுக்குள் வாய் இறுகி, உடம்பு விறைத்து இறந்துபோகும் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி. நம் பக்கத்தில் அதைக் காத்துக் கருப்பு என்று சொல்லி அழுவார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

நீ கேட்டாய். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளுக்கு நடந்து போய், தொப்புள்கொடியை எதால் அறுத்தார்கள், அதன்மேல் என்ன வைத்தார்கள் என்று கேட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் உன்னோடு வந்தேன். ஒரு தாய் உன்னை முறைத்து, "செத்த புள்ளயப் பத்திக் கேட்டு என்னம்மா செய்யப் போற?" என்றாள். "அடுத்த புள்ளைக்குக்கா" என்றாய். அவள் நகர்ந்து உனக்கு உட்கார இடம் விட்டாள்.

அறிக்கை கனமாக இருந்தது. முடிவு மட்டும் சின்னது. பிளேடைக் கொதிக்க வைத்து அறுக்க வேண்டும். சாம்பல் எதையும் வைக்காமல் சுத்தமான துணியால் மூட வேண்டும். மருத்துவச்சிகளுக்கு அரசாங்கமே பிளேடும் துணியும் கொடுத்துப் பழக்க வேண்டும். கார்பன் வைத்து ஐந்து பிரதி அடித்தேன். எங்கள் ஆபீஸின் வெள்ளைக்காரத் துரை அதைப் படித்துவிட்டு, அருமையான ஆராய்ச்சி, ஆனால் புதிய அரசாங்கம் வந்து முடிவு செய்யட்டும் என்று சொல்லி, மேலே 'ரகசியம்' என்று முத்திரை குத்திவிட்டார். நீ வெளியே வந்து என் மேசைமேல் சாய்ந்துகொண்டாய். "நல்லா இருக்காம்டி. அதான் அலமாரியில வச்சுப் பூட்டிட்டாரு."

அந்த மாதமே என் தங்கை லெட்சுமிக்கு எங்கள் வீட்டில் பிரசவம். ஆண் குழந்தை. பிரசவம் பார்த்தது மருத்துவச்சி அஞ்சலை அக்கா. எங்கள் ரோட்டில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். இடுப்புப் பையிலிருந்து பிளேடை எடுத்து அறுத்தார். அடுப்புச் சாம்பலை எடுத்து வைத்தார். நான் கதவருகே வெந்நீர்ச் சட்டியோடு நின்றிருந்தேன். ஆபீஸ் விஷயத்தை வெளியே பேசக்கூடாது என்று கையெழுத்துப் போட்டவள் நான். ஆனால் அதுமட்டும் காரணமில்லை. டைப் அடிக்கும்போது நான் எழுத்தைத்தான் பார்த்தேன். அது யார் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியதோ என்று இருந்துவிட்டேன். ஆறாம் நாள் குழந்தை பால் குடிக்க வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு ஒவ்வொரு வரியும் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எட்டாம் நாள் போய்விட்டான்.

நீ வந்து பகல் முழுவதும் லெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். பிறகு குழாயடியில் உன்னிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும்டி. நான்தானே அடிச்சேன். பாத்துக்கிட்டே நின்னேன்."

நீ முகத்தைக் கழுவினாய், மறுபடியும் கழுவினாய். "நானும்தான். இங்கிலீசுல எழுதி துரைகிட்ட குடுத்துட்டு, என் வேலை முடிஞ்சிருச்சின்னு இருந்தேன்லா. இந்த ரோட்ல ஒருத்தர்கிட்ட வாயத் திறந்து சொல்லல."

மறுநாள் அஞ்சலை அக்கா வீட்டுக்குப் போனோம். நீ அவரைக் குற்றம் சொல்லவில்லை. உன்னிடமிருந்த பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, வரி வரியாகத் தமிழில் சொன்னாய். அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப நான் தொட்ட புள்ளைங்க..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

அடுத்த வாரம் அவரே வேறு நான்கு மருத்துவச்சிகளைக் கூட்டிவந்தார். அதில் இரண்டு பேர் மலாய்க்காரப் பெண்கள். எங்கள் குசினி அடுப்பில் சட்டி வைத்து, தமிழிலும் மலாயிலும் மாறி மாறிச் சொல்லிக்கொடுத்தாய். பழக ஒரு நாள் போதுமாக இருந்தது. நல்ல பிளேடும் துணியும்தான் கிடைக்கவில்லை. சுதந்திரம் வந்து, துரை கப்பல் ஏறி, அந்த நாற்காலியில் நம் ஊர் டாக்டர் ஒருவர் உட்கார்ந்தார். ஐந்து பெண்களும் நேராக அவர் முன்னால் போய் நின்றார்கள். "எங்களுக்கு பிளேடு வேணும் துவான், துணி வேணும். எப்படி அறுக்கணும்னு எங்களுக்குத் தெரியும். எங்க டாக்டரம்மா எழுதினது உங்க அலமாரியிலதான் இருக்கு" என்றார் அஞ்சலை அக்கா. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து போய் எடுத்துவந்தேன்.

சுற்றறிக்கையையும் நான்தான் அடித்தேன். அதில் உன் பெயர் இல்லை. உன்னிடம் சொன்னபோது, "பேரு என்னடி பேரு. லேட்டாப் போச்சு, அதான் வருத்தம்" என்றாய். பிறகு நீ பெரிய இடங்களில் இருந்தாய், மாணவர்களுக்கு வழிகாட்டினாய். ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைகளிடம், "எந்த வீட்டுல கேட்டீங்களோ அந்த வீட்டுலதான் முதல்ல சொல்லணும்" என்பாயாம். ஓய்வுபெற்று கிளேபாங்கில் வந்து தங்கியபின், நான் போகும் ஒவ்வொரு முறையும் ஒன்று கேட்பாய். "லெட்சுமிகிட்ட சொன்னியா?" இல்லை என்பேன். "நான் சொல்லட்டுமா?" வேண்டாம் என்பேன்.

இன்றும் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் நான் பத்து நாள் எண்ணுகிறேன். பத்தாம் நாள் தாண்டியபின்தான் பார்க்கப் போகிறேன்.

உன் சாவுக்கு லெட்சுமி புக்கிட் காதிலிலிருந்து மகனின் காரில் வந்தாள். உன் முகத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்புள்ள போனப்ப இவங்கதான் எங்கூட உக்காந்திருந்தாங்க. அப்பறமாத்தானே இதெல்லாம் கண்டுபிடிச்சாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஓடி வந்து சொல்லியிருப்பாங்க, இல்லக்கா?"

"ஆமா" என்றேன்.