கரி ஏறிய உயரம்

பிப்ரவரி 3

புது வீட்டுக்கு மேட்டில் முளைக்குச்சி அடித்தாயிற்று. திங்கட்கிழமை கடைக்கால் தோண்டுகிறார்கள். கூடத்தில் பள்ளத்தைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி. பிளான் போடுகிறவர் காகிதத்தை விரித்துக் காட்டினார். ஒரு மரத்தைக்கூட வெட்ட வேண்டாமாம், வீடே காட்டோடு காடாக இருக்குமாம். என் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். கல்யாணத்தன்று கூட அவ்வளவு பல் தெரியவில்லை. அன்று அவருக்குப் பல்வலி என்று பிறகு சொன்னார். அது வேறு கதை.

மேட்டில் ஒரு தைலமரம் கறுத்திருந்தது. "மழைக்கறை" என்றார் வீட்டுக்காரர். விரலால் தேய்த்துப் பார்த்தேன்.

கரி.

பிப்ரவரி 5

வீட்டுக்காரருடைய அண்ணன், பெரியவர், எங்களோடுதான் இருக்கிறார். வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து நாலு வருஷம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவே இரண்டு பேர் வேண்டும். வாய் மட்டும் விழவில்லை. அவரிடம் கரியைப் பற்றிச் சொன்னேன்.

"ஏம்மா, தீ வந்தா என்னைத் தூக்கிட்டு ஓடுவீங்களா, உருட்டி விடுவீங்களா? உருட்டுறதுன்னா இப்பவே சொல்லிடு. நல்லாத் தின்னு உருண்டையாயிடுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பிப்ரவரி 6

சண்டை.

"மூணு வருஷமாத் தேடின எடம். நீ ஒரு கரியைப் பாத்துட்டு வந்து..."

"தீ மேலதாங்க ஏறும். அடுப்படியில கெடக்கறவளுக்கு இது தெரியாதா? கீழ பிடிச்சா மேட்டுலதான் வந்து நிக்கும்."

"குக்கர் விசிலுக்கே பயப்படுறவ நீ."

உண்மைதான். முன்பு ஒருமுறை மூடி பறந்து கூரையில் குழி விழுந்தது. பருப்பு இரண்டு நாள் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் எதற்குப் பயந்தாலும் குக்கர்தான்.

யாருகிட்டச் சொல்ல? திங்கக்கிழம தோண்டிடுவாங்களே. பெரியவரை எப்படித் தூக்குவோம்? ஒத்த வழிதானே - அதுவும் கீழ எறங்குற வழி, தீ வர்ற வழி...

பிப்ரவரி 8

காலையிலேயே தனியாகப் போனேன். பழைய சிவப்புப் புடவையை நாடாவாகக் கிழித்து, மரத்துக்கு மரம் கரி எதுவரை ஏறியிருக்கிறதோ அங்கே கட்டினேன். முப்பத்தொரு மரம். அடிவாரத்துப் பாறைத் திட்டின் ஓரத்தில் கணுக்காலைத் தாண்டவில்லை. மேட்டில் ஏணி போட்டும் எட்டவில்லை, எட்டின இடத்தில் கட்டிவிட்டு இறங்கினேன்.

பதினொரு மணிக்கு அவரும் பிளான்காரரும் வந்தார்கள். அவர் நாடாவைப் பார்த்தபடியே மேலே ஏறினார். கணுக்கால், முழங்கால், இடுப்பு, தோள். உச்சியில் நின்று கையைத் தூக்கினார். நாடா கைக்கு மேலே இருந்தது. கரி அதற்கும் மேலே.

பிளான்காரர் மெதுவாகச் சொன்னார்: "நான் வந்ததெல்லாம் மழைக்காலத்துலம்மா. எங்க பாத்தாலும் பச்சை, கொடி மூடிக் கெடந்துச்சு."

பிப்ரவரி 9

தோண்டவில்லை. வந்த ஆட்களை அவரே திருப்பி அனுப்பினார்.

பிப்ரவரி 15

மேட்டு முளைக்குச்சிகளை அவரே பிடுங்கினார். வீடு இனி அடிவாரத்துப் பாறைத் திட்டில்; அங்கே குச்சி இறங்காது, கல் வைத்துக் கயிறு கட்டியிருக்கிறார். புது பிளானில் கண்ணாடிச் சுவர் இல்லை. கல் சுவர், சின்ன ஜன்னல், சருகு தங்காத தகரக் கூரை. பெரியவர் அறைக்கு அகல வாசல், படி கிடையாது, வண்டி நேரே வந்து நிற்கும். தீ அண்டாமலிருக்கச் சுற்றிலும் பதினாலு மரத்தை வெட்டுகிறார்கள்.

"சந்தோஷந்தானே?" என்றார்.

பதினாலு மரம்.

மார்ச் 1

இன்று பூமி பூஜை போட்ட மாதிரி, பாறைத் திட்டில் கயிறு கட்டின இடத்தை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். வெயில் ஏறுகிறது, புல் காய்ந்துவிட்டது. ராத்திரி புகை வாசம் வருகிற மாதிரியே இருக்கிறது, எழுந்து எழுந்து மோந்து பார்க்கிறேன்.

சாயங்காலமானால் அவர் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போய்ப் பள்ளத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் கீழே பாறைத் திட்டிலேயே நிற்கிறேன், கூப்பிடுவதில்லை. இருட்டுவதற்குள் வீட்டுக்கு இறங்கிவிடுகிறார்.

பாறைத் திட்டைப் போய் வீடு என்று எழுதிவிட்டேன். சுவருக்கு இன்னும் ஒரு கல்கூட வைக்கவில்லை.