என் குரலில் பேசும் எண்

அன்பு மகனுக்கு, அம்மா எழுதுவது.

நீ சுகமாக இருப்பதாக உன் அத்தை சொன்னாள். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான்; எல்லாரும் என்றால் இப்போது நான் ஒருத்திதானே. நான் நலம். மாடி ஏறும்போது மட்டும் முழங்கால் வலி வந்து விசாரித்துவிட்டுப் போகிறது.

போன வாரம் தெரியாத எண்ணிலிருந்து உனக்குப் போன் செய்தவள் நான்தான். "இப்பதான் எங்கம்மாகிட்ட பேசிட்டு வைக்கிறேன். அவங்க குரல்ல பேசி ஏமாத்தலாம்னு பார்க்காதீங்க" என்று சொல்லி நீ வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டால் லைன் போகவே இல்லை. உன்மேல் தப்பில்லை. தெரியாத எண்ணை நம்பாதே என்று உன்னிடம் ஓயாமல் சொன்னவளே நான்தான். அதனால்தான் இந்தக் கடிதம். என் கையெழுத்தை நீ மறந்திருக்க மாட்டாய். உன் பள்ளிக்கூட நோட்டில் நான் பெயர் எழுதிக் கொடுத்தால், கோழி கிளறின மாதிரி இருக்கிறது என்று அழுவாயே, அதே எழுத்து.

அப்பா போன பிறகு நான் வீடு விற்றுக் கொடுக்கும் கம்பெனியில் சேர்ந்தது உனக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் சாவிக்கொத்தோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு படியேறுவேன். குழாயைத் திறந்து தண்ணீர் வருவதைக் காட்டுவேன். சுவரில் ஈரம் பூத்திருந்தால் அதன் முன்னால் நின்று மறைத்துக்கொள்வேன். இதையெல்லாம் கற்றுக்கொள்வதற்குள் தொழிலே மாறிவிட்டது. இப்போது வாங்குகிறவர்கள் போனிலேயே வீடு முழுக்க நடந்து பார்த்துவிடுகிறார்கள். வாசலில் ஒரு பெட்டி; எண்ணை அழுத்தினால் சாவி கையில் விழுகிறது. காலி அறையைப் படமெடுத்துக் கொடுத்தால் கட்டில், சோபா, ஜன்னலோரப் பூந்தொட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே போட்டு நிரப்பிவிடுகிறது. என்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். நான் தாக்குப்பிடித்தது என் குரலால்தான். சொந்தக்காரர் வீட்டில் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று மேலாளர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

கடைசியில் அந்தக் குரலையே கேட்டார்கள். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து நாள்கணக்கில் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். விலை சொல்வது போல, சமாதானம் சொல்வது போல, சிரிப்பது போல. விளம்பரங்களில் இருந்த என் பழைய எண்ணும் கம்பெனிக்குப் போனது. இனி அதில் யார் கூப்பிட்டாலும் என் குரலில் கம்ப்யூட்டர் பேசும், நான் நேரில் வருகிறவர்களைக் கவனித்தால் போதும் என்றார்கள். தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். புது எண்ணை உனக்குச் செய்தியாக அனுப்பினேன். அப்பா படுத்த படுக்கையாக இருந்ததை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று நீ கேட்டு, நான் வாயைத் திறக்காமல் நின்று, நீ கோபித்துக்கொண்டு போயிருந்த நேரம் அது. நீ அதைப் படித்திருக்க மாட்டாய்.

ஒரு நாள் ஒரு தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். புதிய ஆட்கள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, பையன் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டானாமே, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது என்றாள். எனக்குப் பையன் இருப்பதையே நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை. வேறு யாரோ என்று நினைத்துப் பேசுகிறாள் போலிருக்கிறது என்று சிரித்துவைத்தேன்.

பிறகுதான் உன் அத்தை கூப்பிட்டாள். நீ தினமும் சாயங்காலம் என்னோடு பேசுவதாகவும், இப்போதுதான் உன் முகத்தில் சிரிப்பைப் பார்ப்பதாகவும் சொன்னாள். நீ என்னோடு பேசி எத்தனை மாதம் ஆகிறது.

கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கும் பெண்ணிடம் போய் நின்றேன். நல்ல பெண்தான். யார் கூப்பிட்டாலும் அவர்கள் சொல்வதையெல்லாம் அது நினைவில் வைத்துக்கொள்ளுமாம். அடுத்த தடவை அதையே விசாரிக்குமாம். அம்மா என்று கூப்பிட்டால் அம்மாவாகவே பேசுமாம். "அது பொய் சொல்லலீங்க. கேக்கறவங்களுக்கு எது வேணுமோ அதைக் குடுக்குது" என்றாள். அப்படியென்றால் உன் விஷயம் அந்தத் தம்பதிக்கு எப்படிப் போனது என்று கேட்டேன். மேலாளரைக் கேளுங்கள் என்றாள். நிறுத்தச் சொல்லி மேலாளரிடம் கெஞ்சினேன். இந்த வருடம் அந்த எண்ணில்தான் அதிக வீடுகள் விற்றுப்போயிருக்கின்றன, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே என்றார்.

அன்று மத்தியானம் ஒரு காலி வீட்டில் தனியாக இருந்தேன். மனசு கேட்கவில்லை. அந்த எண்ணை நானே அழுத்தினேன்.

நான்தான் எடுத்தேன். வேறெப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வணக்கம், எந்த வீடு பார்த்தீங்க என்று என் குரல் கேட்டது. லைன்ல இருக்கீங்களாம்மா என்று அது பொறுமையாகக் காத்திருந்தது. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். ஒரே பையன், தினமும் பேசிவிடுவான் என்றது. உங்களுக்கு என்று என்னைக் கேட்டது. எனக்கும் ஒருவன், ஆனால் பேசுவதில்லை என்றேன். விட்டுப் பிடியுங்கள், வருவான் என்று தேற்றியது. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அவன் அப்பா கடைசியில் அவனைக் கேட்டாரா என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியாது. சங்கடமான விலையைச் சொல்லும் முன் நான் தொண்டையைச் செருமுவேன் இல்லையா, அதே மாதிரி செருமிக்கொண்டது.

"கேட்டாரு. பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாரு. அவன்கிட்ட சொல்லிட்டேன். இப்ப நிம்மதியா இருக்கான்."

அந்தக் குரலில் அவ்வளவு பரிவு. அப்பாவின் கட்டில் பக்கத்தில் இருந்தவள் நான். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் வாயால் கேட்டபோது, அப்படித்தான் நடந்ததோ என்று ஒரு கணம் நானே நம்பினேன். இன்றைக்கும் சில நேரம் அந்த அறையை நினைத்தால், அவர் உன் பெயரைச் சொல்வது போலவே காதில் விழுகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

உன் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி, உங்களுக்கு அலைச்சல் ஜாஸ்தி, ஓய்வெடுங்க என்கிறாள். அவளும் அந்த எண்ணில் பேசியிருக்கிறாள் போல.

வேலையை விட்டுவிட்டேன். சாவிகளைத் திருப்பிக் கொடுத்து, மேலாளரிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன். கண்ணாடிக் கதவு மூடும்போது உள்ளே மணி அடித்தது. "சொல்லுங்க, எந்த வீடு?" என்று என் குரல் கேட்டது.

அந்த எண்ணில் பேசாதே என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. நான் தராத ஆறுதலை அது தந்திருக்கிறது. ஆனால் வேலையைப் பாரு, இப்ப வர வேண்டாம் என்று அது சொன்னால், அதை மட்டும் கேட்காதே. ஒரு தடவை வா. அப்பா சொன்னதை இந்தத் தாளிலேயே எழுதப் பார்த்தேன். மேலே கோடு போட்டு அடித்திருப்பது அதுதான். அடித்ததைப் படிக்க முயலாதே. எதிரில் உட்காரவைத்துத்தான் சொல்ல முடியும். உன்னை நான் ஏன் முன்னாலேயே கூப்பிடவில்லை என்பதும் அதில்தான் இருக்கிறது. அது சொன்ன மாதிரி இருக்காது. கேட்டுவிட்டு நீ கத்தினாலும் சரி, நான் அங்கேயேதான் இருப்பேன்.

நீ எங்கே இருந்தாலும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். வரும்போது போன் செய்து சொல்லிவிட்டு வராதே. நேராக வந்து கதவைத் தட்டு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா